பேதியாகும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.: தவறு நடப்பது பெரும்பாலும் தண்ணீர் அளவில்தான்

கேள்வி இது: ஒன்றரை வயதுப் பையன், எடை 10 கிலோ. நேற்று மாலையிலிருந்து தண்ணீர் தண்ணீராக ஏழெட்டு முறை போய்விட்டான், மூன்று முறை வாந்தி. லேசான காய்ச்சல். ஓ.ஆர்.எஸ். (உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசல்) கொடுத்தால் உடனே கக்கிவிடுகிறான். பாலையும் சோற்றையும் நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார் மாமியார். மெடிக்கல் ஷாப்பில் பேதியை நிறுத்த ஒரு சிரப் தருகிறேன் என்கிறார்கள். எதைக் கேட்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பேதியை நிறுத்துவது இப்போது உங்கள் வேலை இல்லை. சிறு குழந்தைகளுக்கு இப்படி நீராகப் போகும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஐந்து நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தானாக அடங்கும். உயிருக்கு ஆபத்து கிருமியைவிட, வெளியேறும் தண்ணீரும் உப்பும் திரும்பி உள்ளே போகாததால்தான் வருகிறது. அதனால் எத்தனை முறை போகிறான் என்பதைவிட, போனதற்கு ஈடாக எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, சிறுநீர் வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலையா என்று பார்த்துவிடுவோம். கண் குழிவிழுந்திருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? வாயும் நாக்கும் உலர்ந்திருக்கின்றனவா? தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், வயிற்றுத் தோலை நெடுக்குவாட்டில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து விடுங்கள். சட்டென்று பழையபடி படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் நீரிழப்பு தொடங்கிவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் அது கடுமையான நீரிழப்பு. கைக்குழந்தையானால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

நடத்தையும் பேசும். எரிச்சலோடு அழுது, தண்ணீரைக் கண்டதும் ஆவலாகப் பாய்ந்து குடிக்கும் குழந்தைக்கு மிதமான நீரிழப்பு. குடிக்கக்கூட முடியாமல் துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடக்கும் குழந்தையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் வண்டி வரும்வரை ஓ.ஆர்.எஸ்.ஸை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே இருங்கள். மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் பித்த வாந்தி, வயிறு உப்பிக் கல் போல இறுகுவது, வலிப்பு, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாதது, அதிகக் காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் பேதி தொடங்கியதுமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். எலும்பும் தோலுமாக மிகவும் மெலிந்த குழந்தைக்கும் அப்படியே. அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கணக்கே வேறு. இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவான், சில நிமிடம் அடங்குவான், மறுபடி அழுவான், பிறகு ரத்தமும் சளியும் கலந்து செந்நிற ஜெல்லி போலப் போவான் என்றால், அது குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் நிலையாக இருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம்தான் அதிகம் வரும். இதற்கு ஓ.ஆர்.எஸ். உதவாது. மணிக்கணக்கில் தாமதித்தால் செருகிய குடல் அழுகிவிடும்.

சிறுநீர்க் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. டயப்பர் போட்டிருந்தால் நீராகப் போன மலத்தையே சிறுநீர் என்று நினைத்துவிடுவோம். இந்த இரண்டு மூன்று நாளைக்கு டயப்பரைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தித் துணி கட்டினால் எப்போது என்ன போனான் என்று தெரியும். துணி தோய்க்கும் வேலை கூடும், ஆனால் மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இனி ஓ.ஆர்.எஸ். விஷயம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

கடையில் இரண்டு அளவில் பாக்கெட் கிடைக்கும். பெரியது சுமார் 21 கிராம், 1 லிட்டர் தண்ணீருக்கானது. சிறியது 4 கிராமுக்குச் சற்று மேல், 200 மி.லி.க்கானது. பெரிய பாக்கெட்டை வாங்கி வந்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. அப்போது கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். அதிலிருக்கும் சோடியம் ரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி, மூளை பாதித்து, வலிப்பு வரை போகலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்யும் தவறு இது. ‘தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக்கொள்ளலாம்’ என்று பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஸ்பூன் ஸ்பூனாக எடுப்பதும் தவறு. உள்ளே இருக்கும் உப்புகளும் குளுக்கோஸும் ஒவ்வொரு ஸ்பூனிலும் ஒரே விகிதத்தில் வராது, திறந்த பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகவும் ஆகிவிடும். முழுப் பாக்கெட்டையும் முழு அளவுத் தண்ணீரில் கலக்குங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் பொருள் இது. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இல்லை.

அளக்க வீட்டு டம்ளரை நம்பாதீர்கள். ஒரு வீட்டு டம்ளர் 150 மி.லி. பிடிக்கும், இன்னொரு வீட்டு டம்ளர் 300 பிடிக்கும். கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எல்லார் கைக்கும் எட்டும் சரியான அளவை. அதை நன்றாகக் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் புதிதாக வாங்கியபோது இருந்த மட்டம் வரை நிரப்பி, ஒரு சுத்தமான பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டு, முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டிக் கரையும்வரை கலக்குங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் அளவு பிசகியிருக்கிறது, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மூடி வைத்து 24 மணி நேரம் பயன்படுத்தலாம், அதற்குப் பிறகு கூடாது. கலக்கிய பின் அடுப்பில் வைத்துச் சூடுபடுத்த வேண்டாம். பால், ஜூஸ், சூப் எதிலும் கலக்க வேண்டாம். குழந்தைக்குப் பிடிக்கட்டும் என்று சர்க்கரை சேர்க்கவே வேண்டாம்.

சர்க்கரை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதே ஒரு விகிதத்தை வைத்துத்தான். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது. பேதியின்போதும், காலராவில்கூட, அந்த வழி அடைபடுவதில்லை. இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தி வெளியிட்ட கலவையில் 1 லிட்டருக்குச் சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்று சரிசமமாக வரும்படி போட்ட கணக்கு. சர்க்கரை அதற்கு மேல் ஏறினால், உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

பழச்சுவையோடு அழகான டெட்ரா பாக்கெட்டில் வரும் பானங்களின் குறையும் இதுதான். சர்க்கரை பல மடங்கு, உப்பு சொற்பம். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று இருந்ததால் விவரம் தெரிந்தவர்களே வாங்கி ஏமாந்தார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளை எந்த வடிவிலும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் பெயரை மாற்றிக்கொண்டு அதே பானம் அதே அலமாரியில் இருக்கலாம். பின்பக்கத்தைத் திருப்பி, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா, மேலே சொன்ன நான்கு பொருளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆரஞ்சுச் சுவை சேர்த்ததாக இருந்தாலும் கலவை சரியாக இருந்தால் போதும். விளம்பரத்தில் வரும் குளுக்கோஸ் பவுடர், சோடா, டப்பா ஜூஸ், எலுமிச்சை பிழிந்த கடுங்காப்பி எதுவும் இதற்கு ஈடாகாது.

இனி எவ்வளவு கொடுப்பது. நீரிழப்பு அறிகுறி இல்லாதபோது, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மி.லி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மி.லி. கண் லேசாகக் குழிந்து, தாகத்தோடு இருந்தால் மருத்துவர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோ எடைக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில். உங்கள் பையனுக்கு அது 750 மி.லி. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ உட்காரவைத்து, கண்காணித்துக் கொடுக்க வேண்டிய அளவு அது. போகிற வழியிலேயே நீங்கள் தொடங்கிவிடலாம்.

வாந்தி எடுக்கிறான் என்பதற்காக நிறுத்தக் கூடாது. வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் வேகம். தாகத்தில் டம்ளரோடு கவிழ்த்துக் குடித்தால் வீங்கிய இரைப்பை அப்படியே திருப்பித் தள்ளும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுங்கள். பிறகு 5 மி.லி. பிடிக்கும் ஸ்பூனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. தங்க ஆரம்பித்ததும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்று வேகம் கூட்டலாம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 200 மி.லி. உள்ளே போய்விடும். ஃபீடிங் பாட்டில் வேண்டவே வேண்டாம். கைக்குழந்தையானால் பாலாடையில் சாய்த்து ஊட்டுவது எளிது, உங்கள் பாலாடை எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று மட்டும் முன்பே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் படுக்கவைக்காமல் மடியில் சாய்த்து உட்காரவையுங்கள். வாயை இறுக மூடிக்கொண்டால் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்பக்கமாக விடலாம், தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது. குளிரவைத்துக் கொடுத்தால் சில குழந்தைகள் மறுக்காமல் குடிப்பார்கள். நீரிழப்பு இல்லாத குழந்தைக்குத்தான் இதன் சுவை அதிகம் பிடிக்காது, தாகம் இருப்பவன் குடித்துவிடுவான். மறுப்பதைக் கண்டு பதற வேண்டாம். குடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணிமை வீங்கினால் உப்பு அதிகமாகிறது என்று பொருள். ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தி, தாய்ப்பாலும் வெறும் தண்ணீரும் கொடுத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியும் எல்லாவற்றையும் கக்குகிறான், ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் வாந்தி என்றால் மருத்துவரிடம் போங்கள். வாந்தியை அடக்க ஒரு வேளை மருந்து எழுதிக் கொடுப்பார். அதைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்று பல பெற்றோர் மருத்துவரையே வற்புறுத்துகிறார்கள். 1971-இல், வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த, மேற்கு வங்கத்தின் பாங்கான் முகாமில் காலரா பரவியபோது ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்புக் கரைசலை டிரம்களில் கலக்கி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. காலராவுக்கே அது போதுமானதாக இருந்தது. குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி குத்த வேண்டிய காரணம் அரிது.

பாக்கெட் கிடைக்காத நள்ளிரவில்? உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட நீர்மோர், பருப்புத் தண்ணீர், எது இருக்கிறதோ அதைக் கொடுக்கத் தொடங்குங்கள். 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்ற வீட்டுக் கரைசலும் உண்டு. ஆனால் பதற்றத்தில் உப்பு ஸ்பூனும் சர்க்கரை ஸ்பூனும் மாறிப்போகும் வீடுகள் உண்டு என்பதால் கஞ்சிதான் பாதுகாப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், அதையே ஓ.ஆர்.எஸ். ஆக்கிவிட முடியாது.

இப்போது மாமியார் சொன்ன ‘வயிற்றுக்கு ஓய்வு’. அவர்கள் காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள், அதனால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்று தெரிந்தது வேறு: பட்டினி போட்டால் குடலின் உட்சுவர் ஆறுவது தாமதமாகும், எடை இறங்கும், அடுத்த பேதி சீக்கிரம் வரும். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். பசும்பால் குடித்துப் பழகியவனுக்கு அதையே கொடுக்கலாம், தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்க வேண்டாம். இட்லி, குழைந்த தயிர் சாதம், பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய், மசித்த வாழைப்பழம் எல்லாம் சரி. ஒரு வேளைக்கு நாலு வாய் என்று ஐந்தாறு முறையாகப் பிரித்து ஊட்டுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி, அரோரூட் கஞ்சி மட்டுமே மூன்று நாள் ஓட்டினால் அது வெறும் மாவுச்சத்துதான். ஆப்பிள் ஜூஸ் பேதியை அதிகமாக்கும்.

மெடிக்கல் ஷாப் சிரப்புக்கு வருவோம். பேதியை ‘கட்டும்’ லோபெரமைடு சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவை முடக்கி, வயிற்றை உப்பவைத்து, கழிவை உள்ளேயே தேக்கிவிடும். வெளியே பேதி நின்றதுபோலத் தெரியும், உள்ளே தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கும். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த சிரப்பைத்தான் கடைகளில் பழக்கமாக எடுத்து நீட்டுகிறார்கள். வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று பேதியை இழுத்தடிக்கத்தான் செய்யும். சீதபேதி, காலரா போன்றவற்றில் அது தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். 10 கிலோவுக்கு ஒரு வேளை 150 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று போட்டிருந்தால் 3 மி.லி.; 125 என்று இருந்தால் 6 மி.லி. இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் இடைவெளி. இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் சிரப்புகள் வீட்டில் இருந்தால் இப்போது தொடாதீர்கள். நீரிழப்பில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கலாம்.

தொக்கம் எடுப்பது, உரம் எடுப்பது, குடல் தட்டுவது என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். இதில் போகும் அரை நாள்தான் முதல் நஷ்டம். துவண்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது அடுத்த ஆபத்து. ‘பல் முளைக்கிறது, அதான் போகிறான்’ என்பதும் பழைய நம்பிக்கை. பல் முளைக்கும் வயதும், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் அது.

மருந்து என்று ஒன்று உண்டென்றால் அது ஜிங்க் எனும் துத்தநாகச் சத்து. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 10 மி.கி., மொத்தம் 14 நாள். மாத்திரையானால் ஒரு ஸ்பூன் காய்ச்சிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ வைத்தால் கரைந்துவிடும். சிரப்பானால் 5 மி.லி.யில் 10 மி.கி.யா 20 மி.கி.யா என்று லேபிளைப் படியுங்கள், இரண்டும் கடையில் இருக்கின்றன. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், ஏதாவது சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் ஜிங்கையும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மீதி 11 நாள் எதற்கென்றால், குடல் சுவர் முழுதாக ஆறவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பேதி வரும் வாய்ப்பைக் குறைக்கவும்.

வீட்டில் இன்னொரு சிறு குழந்தை இருந்தால் இதையும் கவனியுங்கள். கைக்குழந்தையின் மலம் சுத்தமானது என்று நினைத்துக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொள்வார்கள். வைரஸ் பரவுவது அங்கேதான். சானிடைசர் இங்கே சோப்புக்கு ஈடாகாது, சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கேன் தண்ணீராக இருந்தாலும் குழந்தைக்குக் கொடுப்பதை நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுங்கள், மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். சிறு குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசம். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. இது எல்லாப் பேதியையும் தடுக்காது, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான கடுமையைக் குறைக்கும். ஒரு வயது தாண்டினால் முதல் தவணை போட மாட்டார்கள். எனவே சின்னதற்குப் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையில் இன்றே பாருங்கள்.

உங்கள் பையனுக்குப் பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். பேதி 14 நாளைத் தாண்டினால் அது வேறு வகை. அப்போது ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே, இதுவரை கொடுத்தவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.